பேர் கெட்டவனுக்கு இன்னொரு ஊர்

"பையன் நல்லா ஆடுவான் சார். குணம்தான் சரியில்லை."

கூடைப்பந்து நடக்கும் எந்தத் திடலின் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர் சொல்வார், செலக்‌ஷன் பார்க்க வந்த பழைய ஆட்டக்காரர் சொல்வார், விடுதி வார்டன் சொல்வார். பேச்சுக்குரிய பையன் பெரும்பாலும் அதே திடலில்தான் இருப்பான். ரீபவுண்டுக்கு எல்லோர் தலைக்கும் மேலே எழும்பிப் பந்தைப் பறிப்பான். இறங்கும்போது முழங்கை யார் மீதாவது இடித்திருக்கும். விசில் ஊதியதும் பந்தை ஓங்கித் தரையில் அறைவான். அந்த ஓர் அறையை வைத்தே அவனுடைய மீதி வாழ்க்கையை ஓரத்தில் நிற்பவர்கள் கணித்துவிடுகிறார்கள். அப்புறம் ஒரு யோசனை வரும்: "வேற எங்கயாவது அனுப்பிப் பாக்கலாமே."

அந்த யோசனையைத்தான் இங்கே எடுத்துப் பார்க்க நினைக்கிறேன். திறமை இருந்தும் தடம் மாறிய ஓர் ஆட்டக்காரனுக்கு இன்னோர் ஊரில் இன்னொரு வாய்ப்புத் தரலாமா? தந்தால் அது பலிக்குமா? யாருக்குப் பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை, ஏன்?

தருமபுரியிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் இருக்கிறது வத்தல்மலை. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போக வேண்டும். பெரியூர், பால்சிலம்பு, சின்னங்காடு, ஒன்றியங்காடு, கொட்டலாங்காடு, நாயக்கனூர், மன்னாங்குழி என்று சிறு சிறு ஊர்கள். மலையாளிப் பழங்குடியினரே பெரும்பான்மை. அரசுப் பேருந்து மலையேறத் தொடங்கியதே அண்மை ஆண்டுகளில்தான். அதற்கு முன் நடையும் ஜீப்பும் இருசக்கர வண்டியும்தான். மலையாளிகளின் பூர்வகதையே இடம்பெயர்ந்த கதை. காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று அண்ணன் தம்பிகள் மூவர் சாமியைச் சுமந்துகொண்டு கிளம்பினார்கள், ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பார்கள். எந்தப் பிள்ளை எந்த மலைக்குப் போனான் என்பதில் ஊருக்கு ஊர் சேதி மாறும். பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் நாங்கள் என்பது மட்டும் மாறாது. இன்னொரு ஊர் பலிக்குமா என்ற கேள்வியைக் கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

இந்த மலையில் சாமையும் கேழ்வரகும் கடுகும் விளைகின்றன. காப்பியும் மிளகும் உண்டு. காப்பி நாற்றை நடும் முறையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நாற்றைப் பையிலிருந்து பிடுங்க மாட்டார்கள். பையைப் பக்கவாட்டில் கிழித்து, வேரைச் சுற்றியிருக்கும் மண் உருண்டை உடையாமல் இரு கையாலும் ஏந்திக் குழிக்குள் இறக்குவார்கள். மேலே நிழல் வேண்டும். அதற்காகச் சில்வர் ஓக் மரங்கள் முன்பே நிற்கும். வேர்மண் உதிர்ந்த நாற்றை எவ்வளவு நல்ல குழியில் வைத்தாலும் இலை வாடிவிடும். ஆட்டக்காரர்களின் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த மண் உருண்டைதான் என் கண்முன் வருகிறது.

இந்தியக் கூடைப்பந்தில் இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமான வாழ்க்கை சத்னாம் சிங் பாமராவுடையது. பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே என்ற சிற்றூரில், உழவர் குடும்பத்தில் 1995 டிசம்பரில் பிறந்தவர். அப்பாவும் ஏழடியைத் தொட்ட உயரக்காரர். பத்து வயதை ஒட்டி லூதியானா கூடைப்பந்து அகாடமியில் சேர்த்தார்கள். அங்கே அவரை வார்த்தவர்களில் முதன்மையானவர் பயிற்சியாளர் சங்கரன் சுப்பிரமணியன். வீட்டைவிட்டு வந்த பஞ்சாபிப் பையன், பெயரிலேயே தெற்கின் அடையாளம் சுமந்த ஒரு மாஸ்டர், ஒரு கோர்ட். காலுக்கேற்ற காலணி இந்தியக் கடைகளில் கிடைக்காமல் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது.

2010-இல் இந்தியாவிலிருந்து உதவித்தொகையோடு சிறுவர் சிறுமியர் எட்டுப் பேர் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் சத்னாம். வயது 14. ஆங்கிலம் தெரியாது. மூன்றாண்டு கழித்து, 2013-இல், லூதியானாவில் சுப்பிரமணியன் காலமானார். 2015 ஜூன் 25 அன்று டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52-ஆவது தேர்வாகச் சத்னாமின் பெயரை அறிவித்தது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் புதுமுகத் தேர்வில் இடம்பிடித்த முதல் இந்தியர் அவர்தான். உயரம் ஏழடி இரண்டங்குலம். அடுத்த ஆண்டே அவரைப் பற்றி ஆவணப்படம் வந்தது. இந்தியாவின் கோடிக்கணக்கான கண்கள் அந்தப் பையன் மேல் விழுந்தன.

ஆனால் என்.பி.ஏ.வின் முதன்மைப் போட்டிகளில் ஒரு நிமிடம்கூட அவர் ஆடவில்லை. டெக்ஸாஸ் லெஜண்ட்ஸ் என்ற துணை அணியில் இரண்டு பருவம், அதிலும் பெரும்பகுதி பெஞ்சில். பிறகு கனடாவில் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணி. பிறகு இந்தியா. 2019 நவம்பரில், தெற்காசியப் போட்டிக்கான பெங்களூரு பயிற்சி முகாமில், தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை எடுத்த மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. 2020 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: 2019 நவம்பர் 19 முதல் 2021 நவம்பர் 18 வரை, இரண்டு ஆண்டு தடை.

அந்தப் பொருளின் பெயர் ஹிஜெனமின். நுரையீரல் குழாயை விரியச் செய்து நெஞ்சுத்துடிப்பைக் கூட்டும் வகையைச் சேர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் பிறந்த நச்சன்று, செடிகளிலேயே இருப்பது. தாமரையில் உண்டு, தருமபுரிக் குன்றுகளில் தானாக முளைத்துக் கிடக்கும் சீத்தா மரத்திலும் உண்டு. சீத்தாப்பழம் தின்று யாரும் தடைக்கு ஆளானதாக இதற்குப் பொருள் இல்லை. சிக்கல் உணவுத்துணை மாவுகளிலும் மாத்திரைகளிலும் இருக்கிறது. எடை குறைக்க, உடல் இறுக என்று விற்கப்படும் 24 பொருட்களை அமெரிக்க, நெதர்லாந்து ஆய்வாளர்கள் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தே ஐந்து பொருட்களின் உறையில்தான் ஹிஜெனமினின் அளவு குறிக்கப்பட்டிருந்தது. அந்த ஐந்தில் ஒன்றின் அளவும் சரியாக இல்லை. நகரத்து ஜிம்மில் டப்பா வாங்கிக் கலக்கிக் குடிக்கும் இளைஞனுக்குத் தான் குடிப்பது இன்னதென்று தெரிய வழியில்லை. ஆனால் விதி, உன் உடம்புக்குள் போவதற்கு நீயே பொறுப்பு என்கிறது. அந்த விதி இல்லாமல் ஊக்கமருந்தைத் தடுக்கவும் முடியாது. இரண்டும் உண்மை.

இதே பொருளில் சிக்கிய இன்னொருவரை அருகில் வைத்துப் பார்த்தால்தான் 'இன்னொரு ஊர்' என்பதன் விலை தெரியும். லிவர்பூல் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர் மமது சாக்கோ. 2016 மார்ச்சில் அவருடைய மாதிரியிலும் ஹிஜெனமின் இருந்தது. அந்தக் காலத்தில் தடைப்பட்டியலில் அதன் பெயர் வெளிப்படையாக இல்லை. 2017 ஜனவரியிலிருந்துதான் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். 2016 ஜூலையிலேயே சாக்கோ விடுவிக்கப்பட்டார். அதற்குள் ஐரோப்பியக் கோப்பைப் போட்டி கைவிட்டுப் போயிருந்தது. அதே மாதம், அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் விமானத்துக்கும் சாப்பாட்டுக்கும் தாமதமாக வந்தார் என்று பயிற்சியாளர் யூர்கன் க்ளாப் அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார். 'குணம்தான் சரியில்லை' என்ற முத்திரை விழுந்தது. ஆறு மாதம் கழித்து லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் அணி இரவல் வாங்கியது. தரமிறங்கும் நிலையில் தத்தளித்த அணி அது. சாக்கோ வந்து தடுப்பைக் கட்டினார், அணி தப்பியது. அந்த ஆண்டே 2 கோடியே 60 லட்சம் பவுண்டுக்கு அவரை நிரந்தரமாகவே வாங்கிக்கொண்டார்கள். 2020 நவம்பரில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை தன் பேச்சாளர்கள் சாக்கோவைப் பற்றிச் சொன்னவற்றுக்காக லண்டன் நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் தர ஒப்புக்கொண்டது.

சத்னாமுக்குத் தீர்ப்பு வந்தது அடுத்த மாதம்.

இரண்டு வழக்கும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. 2019-இல் விதி தெளிவாக எழுதப்பட்டிருந்தது. சத்னாமுக்குச் சாக்கோவின் வாதம் கிடைக்காது. என்னைத் தைப்பது தீர்ப்புக்கு அப்பால் இருப்பது. சாக்கோவுக்கு இரண்டு சிக்கல்கள் ஒரே ஆண்டில் வந்தன. அவரைத் தேடிக் கேட்க இன்னொரு கிளப் இருந்தது, அதைச் சூழ்ந்து ஒரு லீக் இருந்தது, மூன்று மணி நேர ரயிலில் இன்னொரு திடல் இருந்தது. இந்தியக் கூடைப்பந்தில் அப்படி ஓர் 'இன்னொரு ஊர்' எங்கே இருக்கிறது? யு.பி.ஏ. என்ற தொழில்முறைப் போட்டி 2015-இல் தொடங்கி 2017-உடன் நின்றுபோனது. அதன்பின் வந்தவையும் சில வாரத் திருவிழாக்கள்போல நடந்து முடிகின்றன. ஆண்டு முழுதும் சோறு போடுவது வங்கியும் ரயில்வேயும் காவல்துறையும் ராணுவமும்தான். நம் ஊரிலும் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், ஐ.சி.எஃப்., வருமான வரித்துறை என்று டிபார்ட்மென்ட் டீம்கள்தான் கூடைப்பந்தைத் தூக்கிச் சுமந்தவை. அந்த வேலை பெரிய பாதுகாப்பு, மறுக்கவில்லை. ஒரு டீமில் பேர் கெட்டால் அடுத்த டீம் வாசலில் போய் நிற்க முடியாது என்பதும் அந்த வேலையோடு சேர்ந்து வருவதுதான். மாநிலம் மாறி ஆடச் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். சண்டை போட்ட சங்கத்திடமே போய்க் கைநீட்ட வேண்டும்.

தடை என்றால் போட்டியில் ஆடக் கூடாது, அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதி அதைவிடக் கடுமையானது. தடைக்காலத்தில் அணியோடு சேர்ந்து பயிற்சி செய்யக் கூடாது. சங்கத்தின் கீழுள்ள கிளப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் கூடாது. விதிக்குக் கட்டுப்பட்ட வேறு எந்த விளையாட்டுக்கும் தாவவும் முடியாது. தடை முடிய இரண்டு மாதம் இருக்கும்போதோ கடைசிக் கால் பங்கிலோ, எது குறைவோ அந்தக் காலத்தில்தான் அணியின் பயிற்சிக்குத் திரும்பலாம். ஆக, இரண்டு ஆண்டு தடை பெற்றவனுக்கு 22 மாதம் தனிமை. ஏழடி உயரமுள்ள ஒரு சென்டருக்குத் தனியாக என்ன பயிற்சி இருக்கிறது? எதிரே முதுகால் முட்டித் தள்ள ஓர் ஆள் இருந்தால்தான் அவன் ஆட்டமே ஆட்டம்.

கிராமத்தில் தப்புச் செய்தவனுக்குத் தெண்டம் போடுவார்கள். சில காலம் தள்ளியும் வைப்பார்கள். அந்த முறையில் நடந்த கொடுமைகள் ஏராளம். சாதியும் பெண்ணும் என்று வரும்போது அதை நினைத்தாலே உடம்பு கூசும். அதில் ஒரே ஒரு கூறை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: தெண்டம் கட்டியவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் நாள் ஒன்று உண்டு. ஊரே கூடி நின்று பார்க்க அவன் உள்ளே வருவான். நம் விளையாட்டு அமைப்புகளிடம் தள்ளிவைக்கும் ஆணை இருக்கிறது, சேர்த்துக்கொள்ளும் சடங்கு இல்லை. தடை முடியும் தேதி ஒரு பட்டியலில் ஓர் எண்ணாக இருக்கும். அன்று காலை அவனுக்குப் போன் செய்ய வேண்டியது யாருடைய வேலை என்று எந்த விதியிலும் எழுதவில்லை.

சத்னாமுக்குப் போன் வந்தது வேறு திசையிலிருந்து. 2021 செப்டம்பரில், தடை முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, அமெரிக்காவின் ஏ.இ.டபிள்யூ. என்ற மல்யுத்தக் கேளிக்கை நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 2022 ஏப்ரலில் மேடையேறினார். அது ஊக்கமருந்துத் தடுப்பு விதியின் எல்லைக்குள் வராத உலகம். புதுத் தொடக்கம் கிடைத்தது. கூடைப்பந்துக்கு வெளியே கிடைத்தது. அவர் பிழைத்துக்கொண்டதில் எனக்கு மெய்யான மகிழ்ச்சி உண்டு. பல்லோ கே கிராமத்திலிருந்து லூதியானா, அங்கிருந்து ஃபுளோரிடா, டெக்ஸாஸ், கனடா என்று இத்தனை குழிகளில் பிடுங்கி நட்ட ஒருவர் கடைசியில் எங்கோ வேர்விட்டால் போதும். ஆனால் அந்த அழைப்பு வந்தது அவருடைய உயரத்துக்கு. ஐந்தடி பத்தங்குல உயரத்தில் கார்டு இடத்தில் ஆடும் ஒருவன் அதே தடையில் மாட்டியிருந்தால் அவனை எந்த மேடை கூப்பிட்டிருக்கும்?

இடமாற்றம் அப்படியே மந்திரம்போலப் பலித்த கதை ஒன்றைச் சொல் என்றால் எல்லோரும் ஸ்டீபன் மார்பரியைச் சொல்வார்கள். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் பிறந்து, சொந்த ஊரான நியூயார்க் நிக்ஸ் அணிக்கே 2004-இல் வந்தவர். பயிற்சியாளர்களோடு சண்டை, பெஞ்ச், அணிக்கு வராதே என்ற நிலை. 2009-இல் இணையத்தில் மணிக்கணக்காகத் தன்னையே ஒளிபரப்பி அழுததை உலகமே பார்த்துச் சிரித்தது. மனச்சோர்வில் சாவை நினைத்த காலம் அது என்று பின்னாளில் அவரே சொன்னார். 2010-இல் சீனாவின் ஷான்ஷி அணி, பிறகு ஃபோஷான், 2011-இல் பெய்ஜிங். 2012, 2014, 2015 ஆண்டுகளில் பெய்ஜிங் சாம்பியன். அவருக்குச் சிலை வைத்தார்கள். சீன அரசு நிரந்தரமாகத் தங்கும் உரிமைச் சீட்டுக் கொடுத்தது.

இதைப் படித்துவிட்டு, இடம் மாறினான், ஆள் மாறினான் என்று முடிக்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். முதல் ஊரில் நடக்கவில்லை, இரண்டாவது ஊரிலும் நடக்கவில்லை. மூன்றாவது ஊரில்தான் நடந்தது. பெய்ஜிங்கில் அவர் விருந்தாளியாக இல்லாமல் குடியிருப்பவராக வாழ்ந்தார். மெட்ரோ ரயிலில் போனார். அந்த நகரம் அவரிடம் திறமையை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை, பொறுப்பையும் ஒப்படைத்தது. ஆடி முடித்தபின் அங்கேயே பயிற்சியாளராகவும் ஆனார்.

எதிர்ப்பக்கத்தில் ராய் டார்ப்லி நிற்கிறார். சத்னாமைத் தேர்ந்த அதே டல்லாஸ் அணி 1986-இல் ஏழாவது தேர்வாக எடுத்த ஆள். 1988-இல் என்.பி.ஏ.வின் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருது. போதைப்பொருள் விதியை மூன்றாவது முறை மீறியதால் 1991-இல் வெளியேற்றப்பட்டார். கிரீஸ் நாட்டில் அவருக்குத் தங்கத் தாம்பாளம் காத்திருந்தது. முதலில் ஆரிஸ், பிறகு ஒலிம்பியாக்கோஸ். 1994-இல் ஐரோப்பிய இறுதிப்போட்டிவரை போனார். அந்த ஆண்டே டல்லாஸ் திரும்ப அழைத்துப் பெரிய ஒப்பந்தம் போட்டது. 1995 டிசம்பரில் மதுவுக்காக மறுபடி தடை, இந்த முறை என்றைக்குமாக. 2015 ஜனவரியில் ஐம்பது வயதில் இறந்தார். அவரைத் தேர்ந்த அதே டல்லாஸ், சத்னாமின் பெயரைப் படித்தது அதற்கு ஐந்து மாதம் கழித்து. டார்ப்லிக்கு ஊர் மாறியது, நாடு மாறியது, மொழி மாறியது. நோய் கூடவே விமானம் ஏறியது. புள்ளி எடுத்துக்கொண்டிருந்தவரை அதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

ரான் ஆர்டெஸ்ட் இருவருக்கும் நடுவே. 2004 நவம்பர் 19 அன்று டெட்ராய்ட் திடலில் பார்வையாளர் கூட்டத்துக்குள் ஏறி அடித்தவர். அந்தப் பருவம் முழுதும், லீக் ஆட்டங்களில் மட்டும் 73-க்கு, தடை. சாக்ரமெண்டோ, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலிஸ் என்று மூன்று ஊர் மாறினார். 2010-இல் லேக்கர்ஸ் அணியோடு கோப்பை வென்ற இரவு, நேரலையில் மைக்கைப் பிடித்து முதலில் நன்றி சொன்னவர்களில் தன் மனநல மருத்துவரும் இருந்தார். வென்ற மோதிரத்தைக் குலுக்கலில் விட்டு வந்த பணத்தை மனநலப் பணிக்குக் கொடுத்தார். ஆர்டெஸ்ட் இடத்தையும் மாற்றினார், சிகிச்சையும் எடுத்தார். இரண்டில் எது பலித்தது என்பதை அந்த நன்றியில் அவரே சொல்லிவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு கசப்பான இடத்தைத் தாண்ட வேண்டும். இதுவரை சொன்னவர்களில் சிலர் தங்களுக்குத் தாங்களே கேடு செய்தவர்கள். அடுத்தவருக்குக் கேடு செய்தவன்? 1997 டிசம்பரில் லட்ரெல் ஸ்ப்ரீவெல் என்ற என்.பி.ஏ. ஆட்டக்காரர் பயிற்சியின்போது தன் பயிற்சியாளர் பி.ஜே. கார்லஸிமோவின் கழுத்தை நெரித்தார். 68 ஆட்டத் தடைக்குப் பின் 1999-இல் நியூயார்க் போனார், அந்தப் பருவமே அணியோடு இறுதிச் சுற்றுக்கும் போனார். கூட்டம் கைதட்டியது. நெரிபட்ட கழுத்தை யார் நினைத்தார்கள்? புது ஊரின் கைதட்டல் பழைய ஊரின் காயத்துக்குப் பதிலாகாது. ஜூனியர் பையன்களை அடித்தவனை, பெண் பிள்ளைகளிடம் அத்துமீறியவனை, சத்தமில்லாமல் வேறு விடுதிக்கு மாற்றிவிட்டு 'புது வாழ்வு கொடுத்தோம்' என்று சொன்னால், அங்கே உள்ள பிள்ளைகள் தலையில் அந்த ஆபத்தை இறக்கிவைத்தோம் என்றுதான் பொருள். ஊர் மாற்றுவது வேறு, ஒளித்துவைப்பது வேறு. போகிற இடத்துக்கு உண்மை முழுதாகப் போக வேண்டும். காயப்பட்டவருக்குச் சேர வேண்டியது முதலில் சேர வேண்டும். இந்த இரண்டும் நடக்காதவரை அவனுக்காக நான் வாதாட மாட்டேன்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். கூடைப்பந்தைவிட ஓட்டத்தில்தான் நம்மிடம் இதற்குக் கூர்மையான சாட்சிகள் இருக்கின்றன. புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜன் 2006-இல் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. செங்கல் சூளையில் கூலி வேலை பார்க்கும் நிலை வந்தது. பின்னர் பயிற்சியாளர் படிப்பு முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். திருச்சி பக்கம் முடிகண்டம் கிராமத்தின் கோமதி மாரிமுத்து அதே தோஹாவில், அதே 800 மீட்டரில், 2019 ஏப்ரலில் 2 நிமிடம் 2.70 நொடியில் ஓடி ஆசியத் தங்கம் வென்றார். தகப்பனை இழந்து, பயிற்சியாளரையும் இழந்து, முப்பது வயதில் வந்த தங்கம். ஊக்கமருந்துச் சோதனையில் அதுவும் போனது; 2023 மே வரை நான்கு ஆண்டு தடை. தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்றார் அவர்.

இருவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஒருவருக்கு நடந்தது அநீதி, இன்னொருவருக்கு விதிப்படி தண்டனை. ஆனால் இருவர் வாசலிலும் விழா நாளில் நின்ற கார்கள் மறுநாள் ஒன்றுபோலவே காணாமல் போயின. ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு 'வேறு ஊர்' என்பது இன்னொரு கிளப்போ இன்னொரு நாடோ இல்லை. திரும்பிப் போகும் அதே கிராமம்தான், அதே சனம்தான், கேட்கும் கேள்விதான் மாறியிருக்கும்.

இனி வத்தல்மலையிலேயே ஒரு பையனை நினைத்துப் பார்ப்போம். கற்பனைதான். பெரியூர்க்காரன், பதினான்கு வயது, ஆறடி இரண்டங்குலம். மலையில் சமதளம் குறைவு. பந்து கைதவறினால் சரிவில் உருண்டு காப்பிச் செடிக்குள் போய் மாட்டும், ஓடிப் போய் எடுத்து வர வேண்டும். அந்த ஓட்டத்திலேயே அவனுக்குக் கால் வலுவாகியிருக்கும். அடிவாரப் பள்ளியின் பி.டி. மாஸ்டர் கண்ணில் படுகிறான். விளையாட்டு விடுதித் தேர்வில் பாஸாகிறான். பெட்டியோடு பேருந்தில் இறங்குகிறான்.

விடுதியில் மூன்றாம் மாதம் சண்டை வருகிறது. யாரோ மலைக்காரன் என்று கேலி செய்திருப்பார்கள். இவன் கைநீட்டியிருப்பான். அல்லது ராத்திரி சுவரேறிக் குதித்து வீட்டுக்குப் போயிருப்பான். கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவனுக்கு மெஸ் சாப்பாடு தொண்டையில் இறங்காத நாள் அது. வார்டன் எழுதுவார்: ஒழுங்கீனம். இரண்டாவது முறை நடந்தால் டி.சி. கொடுத்து அனுப்புவார்கள். நம்மூர் டி.சி.யில் மாணவனின் ஒழுக்கமும் நடத்தையும் என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் 'நன்று' என்று ஒரே சொல்லில் நிரப்பப்படும் கட்டம். கோபத்தில் இருக்கும் ஒருவர் அங்கே வேறு சொல் எழுதினால் அடுத்த பள்ளி கதவைச் சாத்தும். 'நன்று' என்றே பொய்யாக எழுதி அனுப்பினால், அடுத்த பள்ளி எதுவும் தெரியாமல் அவனைச் சேர்த்துக்கொள்ளும், அதே இடத்தில் அவன் மறுபடி உடைவான். டார்ப்லியின் கதையில் தெரிந்தும் கேட்காமல் விட்டது இதே விளைவைத்தான் தந்தது.

இந்தப் பையனுக்குத் தகுதி உண்டா என்று கேட்டால் என் பதில்: உண்டு, அதற்கு அவனுடைய ஆறடி இரண்டங்குலம் காரணமில்லை. ஐந்தடி நாலங்குலமாக இருந்தாலும் உண்டு. நாம் வழக்கமாக, இவ்வளவு திறமையை வீணாக்கலாமா என்று கேட்டு அந்தத் திறமைக்காக மன்னிக்கிறோம். திறமை தேய்ந்ததும் மன்னிப்பும் தேய்ந்துவிடுகிறது. டார்ப்லியை டல்லாஸ் திரும்ப அழைத்தது ரீபவுண்டுக்காக. மார்பரியை நியூயார்க் கைவிட்டது வயது முப்பதைத் தாண்டிய பின். பேரம் பேசி வாங்கும் வாய்ப்பில் பையனுக்கு நிழல் கிடைக்காது.

செய்யக்கூடியது பெரிய செலவில்லாதது. வெளியே அனுப்பும் முன் பையனும் வீட்டாரும் பயிற்சியாளரும் ஓர் அறையில் உட்கார்ந்து, நடந்தது என்ன என்று இரு பக்கமும் கேட்டு எழுத வேண்டும். அடிபட்ட பையன் இருந்தால் அவன் பேச்சு முதலில். போகும் விடுதிக்கு அந்தத் தாள் மூடிய உறையில் போக வேண்டும். மனநல ஆலோசகர் ஒருவரை வாரம் ஒருமுறை பார்க்கும் ஏற்பாடு அங்கே இருக்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலத் திட்டம் ஏற்கெனவே இயங்குகிறது, விளையாட்டு விடுதிக்கும் அதற்கும் பாதை போடுவதுதான் பாக்கி. டப்பாவில் வரும் மாவு எதுவும் பயிற்சியாளர் கண்ணில் படாமல் பையன் வாய்க்குப் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், பழைய மாஸ்டர் அவனைக் கைகழுவிவிடக் கூடாது. லூதியானாவில் சுப்பிரமணியன் இறந்தபோது சத்னாமுக்கு வயது 17. அவனைப் பத்து வயதுப் பையனாகப் பார்த்த ஒரு மனிதர், பெங்களூரு முகாம் நாட்களில் ஒரு தொலைபேசித் தூரத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் மட்டும் அந்தக் கேள்வியை விட முடியாமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெரியூர்ப் பையன் மறுபடி பெட்டியோடு வளைவுகளில் இறங்குகிறான். இந்த முறை வேறு ஊர், வேறு விடுதி. பை மடியில் இருக்கிறது, அதற்குள் மூடிய உறை. உறையின் மேல் அவனை முதலில் கண்டெடுத்த பி.டி. மாஸ்டர் தன் கைப்பட இரண்டு வரி எழுதியிருக்கிறார்: பையனுக்கு ராத்திரியில் வீட்டு நினைப்பு வரும், அப்போது எனக்குப் போன் போடச் சொல்லுங்கள். கீழே அவருடைய நம்பர்.